டிகோடருக்குள் இரண்டு வழிகள்

1 மலேசியாவின் முதல் துணைக்கோளமான மீசாட்-1, 1996-ஆம் ஆண்டு ஜனவரியில் விண்ணில் செலுத்தப்பட்டது. அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. வீடுகளின் கூரைகளில் வட்டத் தட்டுகளும் தொலைக்காட்சிக்கு அருகில் டிகோடர்களும் இடம்பெறலாயின.

2 ஒளிபரப்புத் துணைக்கோளம் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றுகிறது. அதனால், அது வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அது அனுப்பும் அலை பெர்லிசுக்கும் சபாவுக்கும் ஒன்றே. நூறு பேர் பார்த்தாலும் பத்து இலட்சம் பேர் பார்த்தாலும் அதற்குச் சுமை கூடுவதில்லை. ஆனால், இஃது ஒருவழிப் பாதை. வீட்டில் யார், எதைப் பார்க்கிறார் என்பதைத் துணைக்கோளம் அறியாது. கனமழை பெய்தால் அலை வலுவிழந்து படமும் தடைபடும்.

3 திரையில் தோன்றும் நிகழ்ச்சி வழிகாட்டியும் இவ்வலையோடுதான் வருகிறது. அலைவரிசை, நிகழ்ச்சியின் பெயர், தொடங்கும் நேரம், கால அளவு, சிறு குறிப்பு ஆகியவை அதில் இருக்கும். படத்துக்கும் ஒலிக்கும் போக எஞ்சும் சிறிய இடத்தில் இவற்றை அனுப்ப வேண்டியிருப்பதால், வரும் சில நாள்களுக்கான விவரங்களே சுருக்கமாக இடம்பெறும்.

4 டிகோடரை இணையத்தோடு இணைத்ததும் இரண்டாவது வழி திறக்கிறது. நிகழ்ச்சியின் அடையாள எண்ணைக் கொண்டு, துணைக்கோளம் தந்த விவரத்தோடு இணையம் தரும் விவரத்தையும் பெட்டி பொருத்திக் காட்டும். நடிகர்களின் பெயர்கள், படங்கள், தவறவிட்ட பாகங்கள் எல்லாம் அதே வழிகாட்டியில் கிடைக்கும். வெளியில் இருப்பவர் கைப்பேசி வழியாகவே நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் இயலும். 2019-இல் அறிமுகமான ஆஸ்ட்ரோவின் அல்ட்ரா பாக்ஸ், பதிவுகளை மேகக் கணிமையில் சேமிக்கும் வசதியுடன் வந்தது.

5 இணையம் இருவழிப் பாதை என்பதை மறந்துவிடலாகாது. எந்த நிகழ்ச்சி எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்ற தகவல் நிறுவனத்திற்குச் சென்று சேரலாம். அதை வைத்தே ‘உங்களுக்கான பரிந்துரை’ உருவாகிறது. பாட்டியின் நாடகமும் பேரனின் காற்பந்தாட்டமும் ஒரே கணக்கில் கலந்தால் பரிந்துரையும் குழம்பும். தனிநபர் தரவுகள் எதற்காகத் திரட்டப்படுகின்றன என்பதை வணிக நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010. எனவே, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்துமுன் அதிலுள்ளதைப் படித்தறிதல் நன்று.

6 இணையம் வந்தபின் தட்டு எதற்கு என்று சிலர் வினவுவர். இணைய வசதி குறைந்த உட்புறக் கிராமங்களுக்கும் துணைக்கோள அலை எட்டுகிறது. மறுபுறம், மழையால் அலை தடைபடும்போது இணையம் கைகொடுக்கலாம். ஆகவே, இணையம் துண்டிக்கப்பட்டாலும் நேரலையையும் அடிப்படை வழிகாட்டியையும் தொடர்ந்து காட்டும் பெட்டியே சிறந்தது. அனைவருக்கும் பொதுவானதை வானலை சுமக்க, அவரவர் விரும்பியதை இணையம் சுமப்பதே இக்கூட்டின் பயன்.

சிந்தித்துக் கூறுக
அ. பார்ப்போர் எண்ணிக்கை கூடினாலும் துணைக்கோளத்துக்குச் சுமை கூடாதது ஏன்?
ஆ. இணைய இணைப்பால் பயனர் பெறுவது யாது? அவர் தருவது யாது?
இ. உன் வீட்டு டிகோடரை இணையத்தோடு இணைக்கலாமா? பத்தி 5, 6-இன் துணைகொண்டு உன் கருத்தை நிறுவுக.