இன்ஸ்டாகிராமிலிருந்து விலகும் ஓவியருக்கு



படம் வரைந்து பிழைப்பவருக்கு இன்ஸ்டாகிராம் ஒரே சமயத்தில் நான்கு வேலைகளைச் செய்து தருகிறது. வரைந்ததை ஊருக்குக் காட்டுகிறது. வேலை கொடுக்க நினைப்பவர் வந்து விசாரிக்கும் இடமாகிறது. பழைய படங்களுக்குக் கிடங்காகிறது. அதே தொழிலில் இருப்பவர்களோடு பழக வழி செய்கிறது. விலக நினைக்கும் பலர் இந்த நான்கையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு நாள் சலிப்பில் கணக்கை மூடிவிடுகிறார்கள். விசாரிக்க ஆளே வரவில்லை என்றதும் சில வாரங்களில் திரும்பி வந்து, முன்னைவிட மும்முரமாகப் போஸ்ட் போடுகிறார்கள். நான்குக்கும் வேறு இடம் பார்த்து வைத்துவிட்டு விலகுபவருக்கு இந்த அலைச்சல் இல்லை.

இத்தனை ஓவியர்கள் ஏன் விலகலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது, அந்தச் செயலி மாறிவந்த விதத்தைப் பார்த்தால் விளங்கும். 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தபோது, போட்ட நேர வரிசையிலேயே படங்கள் ஃபாலோயர்களுக்குத் தெரிந்தன. 2012இல் ஃபேஸ்புக் நிறுவனம் (இன்றைய மெட்டா) 100 கோடி டாலர் விலை பேசி அதை வாங்கியது. 2016இல் நேர வரிசை போய், யாருக்கு எது பிடிக்கும் என்று கணித்து அடுக்கும் முறை வந்தது. அதற்குப் பிறகு ஃபாலோயர் கணக்கு வேறு, படத்தைக் கண்ணால் பார்ப்பவர் கணக்கு வேறு. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு இந்திய அரசு தடை போட்டது. அடுத்த சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராமின் குறுங்காணொளி வசதியான ரீல்ஸ் இங்கே இறங்கிவிட்டது. 2021இல் இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி, இது இனிமேல் புகைப்படம் பகிரும் செயலி அல்ல என்று ஒளிவு மறைவின்றிச் சொன்னார். 2022இல் நேர வரிசை மறுபடியும் கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால் பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் தேடிப்போய் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்பவர் யார்?

ஓவியருக்கு இதனால் வந்தது கூடுதல் வேலை. அசையாத படம் பின்னுக்குப் போனதால், வரைவதை வீடியோ எடுத்து, வேகமாக ஓடவிட்டு, அந்த வாரம் எல்லோர் வாயிலும் இருக்கும் பாட்டைச் சேர்த்துப் போட வேண்டியதாயிற்று. தூரிகை பிடித்தவர் எடிட்டிங்கும் கற்றுக்கொண்டார். கற்றது நல்லதுதான், அதற்கான கூலி மட்டும் எங்கிருந்தும் வரவில்லை.

நேரம் போவதைப் பற்றித்தான் எல்லோரும் புலம்புகிறார்கள். விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காகப் பொதுவில் வருத்தம் தெரிவித்தார். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காக உயிர்கள் விடாமல் முயல்கின்றன என்று உளவியலாளர் ஸ்கின்னரின் விலங்குச் சோதனைகள் அதற்கு வெகுகாலம் முன்பே காட்டியிருந்தன. லைக் வருவதும் அப்படித்தான்: ஒரு படத்துக்குக் குவிகிறது, அதைவிட நல்ல படத்துக்கு வருவதில்லை, காரணம் தெரிவதில்லை, கை மறுபடி போனை எடுக்கிறது.

நேரம் போவதைவிடப் பெரிய நஷ்டம், என்ன வரைவது என்ற தேர்வில் நடக்கிறது. பெருவிரல் நகம் அளவுக்குச் சுருங்கினாலும் புரிகிற படம் ஓடும். நிதானமாகப் பார்க்க வேண்டிய நுண்மையான கோட்டுவேலை ஓடாது. நட்சத்திரத்தின் பிறந்தநாள், படம் ரிலீஸாகும் நாள், கிரிக்கெட் இறுதிப்போட்டி ஆகியவற்றுக்கு அன்றைக்கே வரைந்து போட்டால் ஷேர் ஆகும். ஒரே பாணியை விடாமல் பிடித்துக்கொண்டால் ‘இவர் கை’ என்று அடையாளம் கிடைக்கும். இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படியே போனால், பார்த்து வரையும் பழக்கம், தோற்றுப்போகக்கூடிய முயற்சி, ஆறு மாதம் இழுக்கும் தொடர் வேலை ஆகியவை சத்தமில்லாமல் கைவிட்டுப் போகின்றன. இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவருக்கு இது கூடுதல் கேடு. கை இன்னும் படிந்துகொண்டிருக்கும் வயது அது.

அந்தக் காலப் பத்திரிகை ஓவியர்களுக்கு அவசரம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1950இல் கல்கி இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டு வந்த ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வாராவாரம் வரைந்தார். விகடனில் கோபுலுவும் கெடு பார்த்து உழைத்தவர்தான். வித்தியாசம் வேகத்தில் இல்லை. பத்திரிகை படத்தைக் கேட்டு வாங்கியது, சம்பளம் கொடுத்தது, இதழைக் காசு கொடுத்து வாங்கிய அத்தனை பேர் கையிலும் அந்தப் படத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. செயலி இவற்றில் ஒன்றுக்கும் பொறுப்பேற்பதில்லை. அங்கே போடும் படம் தேர்த்திருவிழாவில் போட்ட கடைபோல. கூட்டம் தேருக்கு வந்தது, தேர் அடுத்த தெருவுக்குத் திரும்பினால் கூட்டமும் திரும்பிவிடும்.

விலகுவதற்கான ஏற்பாட்டைக் கிடங்கிலிருந்து தொடங்குவது நல்லது. இன்ஸ்டாகிராமில் உள்ள படத்தையே மூலம் என்று நம்பி, கோப்புகளைத் தொலைத்தவர்கள் உண்டு. அங்கே ஏற்றும் படம் பெரும்பாலும் 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கப்பட்டுவிடும். அச்சுக்கு வழக்கமான அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் அது 3.6 அங்குலம்தான் வரும். புத்தக அட்டைக்கே போதாது. ஆகவே மூலக் கோப்புகளைத் தேடி எடுத்து, ஆண்டு, வேலை கொடுத்தவர், எங்கே வெளியானது என்ற குறிப்போடு இரண்டு தனித்தனி இடங்களில் வைக்க வேண்டும். செயலியின் செட்டிங்ஸிலேயே கணக்கின் தகவல் முழுவதையும் பதிவிறக்கும் வசதி உண்டு. தலைப்புகள், தேதிகள், உரையாடல்களுக்காக அதையும் எடுத்துக்கொள்ளலாம். இணையத்தில் இருப்பதெல்லாம் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஆர்குட் சமூக வலைத்தளம் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. மைஸ்பேஸ் தளத்தில் 2015 வரை இசைக் கலைஞர்கள் ஏற்றியிருந்த பாடல்கள் இடமாற்றத்தில் தொலைந்துபோனது 2019இல் தெரியவந்தது.

அடுத்தது, காட்டும் இடம். சொந்தப் பெயரில் ஒரு டொமைனும், அதில் இருபது படங்களுக்கு மிகாத ஒரு போர்ட்ஃபோலியோவும் போதும். டொமைனும் சொத்தல்ல, ஆண்டு வாடகைதான். என்றாலும் கட்டணத்தை மறக்காமல் கட்டும்வரை, தளத்தை எந்த நிறுவனத்திலிருந்து எதற்கு மாற்றினாலும் முகவரி மாறாது. வேர்ட்பிரஸ் போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வரையத் தெரிந்தவர் இரண்டு வார இறுதிகளில் ஒரு தளத்தைக் கட்டிவிடலாம். அதில் இருக்க வேண்டியவை: படங்கள், அவை யாருக்காக வரையப்பட்டன என்ற ஒற்றை வரி, ஊர், மின்னஞ்சல், இப்போது வேலை எடுத்துக்கொள்கிறாரா இல்லையா என்பது. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அட்டைப்படம் தேடும் பதிப்பாளருக்கோ அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

விசாரணை வந்து சேரும் வழிதான் உண்மையில் கடினமானது. மேலை நாடுகளில் இதற்கு மாதக் கடிதம் என்ற மின்னஞ்சல் வழியைப் பரிந்துரைப்பார்கள். அந்தப் பரிந்துரை சரியானதே. அனுமதி தந்தவர்களின் முகவரிப் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி, வேறு எந்தச் சேவைக்கும் கொண்டுபோகலாம். ஃபாலோயர்களை அப்படிக் கொண்டுபோக முடியாது. முந்நூறு பேர் கொண்ட பட்டியல், முப்பதாயிரம் ஃபாலோயர்களைவிடக் கூடுதல் வேலை கொண்டுவருவது நடக்கக்கூடியதே. கடிதத்தில் ஒரு படம், அது உருவான விதம் பற்றி இரண்டு பத்தி, அடுத்த மாதம் கை காலியாக இருக்கிறதா என்ற தகவல், பட்டியலிலிருந்து விலகும் சுட்டி என இவ்வளவு இருந்தால் போதும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புநரின் டொமைனைச் சரிபார்க்கும் விதிகளை இறுக்கியிருக்கின்றன. சொந்த டொமைனிலிருந்து அனுப்பினால் அந்தச் சரிபார்ப்பை ஒரு முறை முறையாக அமைத்துவிட வேண்டும்.

ஆனால் தமிழ்நாட்டில் வேலை கொடுப்பவர்களில் பாதிப்பேர் மின்னஞ்சல் கடிதம் படிப்பவர்கள் அல்ல. பதிப்பகத்தாரும் சிறுபத்திரிகைக்காரர்களும் விளம்பர நிறுவனத்து ஆர்ட் டைரக்டர்களும் போனை எடுத்துப் பேசுவார்கள், அல்லது வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுவார்கள். வாட்ஸ்அப்பும் மெட்டாவின் கையில்தான் இருக்கிறது. எண்கள் மட்டும் சொந்தப் போனில் இருக்கும்; வேறு செயலிக்குப் போனாலும் கூடவே வரும். ஆகவே இதுவரை வேலை கொடுத்த ஒவ்வொருவரின் பெயரையும் எண்ணையும், கடைசியாகக் கொடுத்த வேலையையும் ஒரு தாளில் எழுதுவதே முதல் பட்டியல். அவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை புதிய வேலைகளைக் காட்டினால் தொந்தரவாக நினைக்க மாட்டார்கள். புத்தகத்தின் பதிப்பு விவரப் பக்கத்தில் ‘அட்டை ஓவியம்’ என்று பெயர் போடச் சொல்லிக் கேட்டு வாங்குவதும் விளம்பரம்தான். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வரும் பதிப்பாளர்கள் மற்றவர்கள் போட்ட அட்டைகளையும் புரட்டிப் பார்ப்பவர்கள்.

தொழில் நட்புக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். ஐந்தாறு ஓவியர்கள் மாதம் ஒரு முறை கூடி ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துக் குறை சொன்னால், அது ஆயிரம் இதயக் குறிகளுக்கு மேல். இதற்குப் பெரிய முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சேர்ந்த ஓவியர்களும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருட்களை விற்ற பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். காட்டவும் விற்கவும் சேர்ந்து வாழவும் தங்களுக்கான இடத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். இதற்கு மாறாக, 2024இல் பொதுப் பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு எடுக்கும் மெட்டாவின் போக்கை எதிர்த்து உலகெங்கும் ஓவியர்கள் சில நாட்களில் லட்சக்கணக்கில் காரா என்ற செயலிக்குப் போனார்கள். அவர்களது கோபம் நியாயமானது. ஆனால் நான்கு வேலைகளையும் மறுபடியும் ஒரே இடத்தில் ஒப்படைத்ததால் பழைய சார்பு தொடர்ந்தது, முதலாளி மட்டும் மாறினார்.

ஏற்பாடுகள் முடிந்த பிறகு, எவ்வளவு விலகுவது என்ற கேள்வி வருகிறது. பிரபலங்களின் இடைவேளை இங்கே நல்ல வழிகாட்டி அல்ல. இயக்குநர் லோகேஷ் கனகராஜ் 2022 ஆகஸ்டில் அடுத்த பட அறிவிப்போடு வருவதாகச் சொல்லிச் சமூக ஊடகங்களிலிருந்து ஒதுங்கினார். 2025 ஏப்ரலில் தனது ‘கூலி’ படத்தின் விளம்பர வேலை தொடங்கும்வரை ஒதுங்குவதாக மறுபடி அறிவித்தார். எழுதவும் எடுக்கவும் அவருக்கு அந்த அமைதி தேவைப்பட்டிருக்கும். ஆனால் அவர் இல்லாதபோது படத்தைப் பற்றிப் பேசத் தயாரிப்பு நிறுவனமும் ரசிகர்களும் இருக்கிறார்கள். தனி ஓவியருக்கு அந்தப் படை கிடையாது.

அதனால் கணக்கை அழிப்பதைவிடப் பெயர்ப்பலகையாக மாற்றி வைப்பதே பெரும்பாலோருக்குப் பொருந்தும். சிறந்த ஒன்பது படங்களை விட்டுவிட்டு மற்றதைக் காப்பகத்துக்கு நகர்த்தலாம். புதிய வேலைகளுக்கு இந்தத் தளம், பேச இந்த மின்னஞ்சல் என்று எழுதிய ஒரு பதிவை மேலே பின் செய்யலாம். பிறகு செயலியைப் போனிலிருந்து எடுத்துவிட்டு, வாரம் ஒரு முறை கணினியில் திறந்து செய்திகளை மட்டும் பார்க்கலாம். முழுவதும் அழிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: அழிக்கக் கோரிய 30 நாட்களுக்குள் உள்ளே நுழைந்தால் கோரிக்கை ரத்தாகிவிடும், அதன் பிறகு அதே பயனர்பெயர் மீண்டும் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தற்காலிகமாக முடக்கி வைக்கும் வழியும் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் பழைய சுட்டிகள் எதுவும் வேலை செய்யாது.

காலத்தையும் பார்க்க வேண்டும். விலகியதும் முதலில் குறைவது முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வரும் சின்னச் சின்ன வேலைகள்: பிறந்தநாள் உருவப்படம், கல்யாணப் பத்திரிகை, லோகோ. தெரிந்தவர்கள் வழியாக வரும் வேலை அவ்வளவு சீக்கிரம் குறையாது. சின்ன வேலைகளை நம்பியே மாத வாடகை ஓடுகிறவர், கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணமோ ஒரு நீண்ட வேலையோ வரும்வரை விலகலைத் தள்ளிப்போடுவதில் குற்றமில்லை. கற்றுக்கொண்டிருக்கும் மாணவருக்கு இந்தத் தடை இல்லை. அவர் இழப்பது கொஞ்சம்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் சிலர் ‘இன்ஸ்டா ஐடி அனுப்புங்க’ என்பார்கள். படம் பார்க்கத்தான் கேட்கிறார்கள் என்றால் தளத்தின் சுட்டியே போதும். எத்தனை ஃபாலோயர் என்று அடுத்துக் கேட்டால், அவர்களுக்கு வேண்டியது ஓவியம் அல்ல, விளம்பரம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அதைச் செய்பவர்களும் தனியாக இருக்கிறார்கள். பெயர் தெரிந்தால் அவர்களிடம் அனுப்பி வைக்கலாம்.


ஒரு மூத்த ஓவியர்