சிறையில் வலிக்கிறது என்றால் விசுவாசம் குறைந்துவிட்டதா?

விசுவாசத்தோடு சிறையில் துன்புற்றவர்களைப் பற்றி மறையுரைகளில் கேட்டுக் கேட்டு நம் மனத்தில் ஓர் உருவம் படிந்திருக்கிறது: அடித்தாலும் முகம் சுளிக்காதவர், யாரிடமும் எதையும் கேட்காதவர், இரவெல்லாம் முழந்தாளில் நின்றவர். சிறையில் கிடந்தவர்கள் தாங்களே சொல்லிவைத்தது வேறு.

“உண்மையான விசுவாசி தனக்கென்று எதுவும் கேட்கமாட்டார், எல்லாவற்றையும் ஒப்புக்கொடுத்துவிடுவார்” என்பதுதான் நம்மிடையே ஆழமாக வேரோடிய நம்பிக்கை. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சாமியை எடுத்துக்கொள்வோம். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைதானபோது அவருக்கு வயது 83. மாவோயிஸ்டுகளோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டை அவர் மறுத்தார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் தண்ணீர் சிந்திவிடும். நவி மும்பையின் தலோஜா சிறைக்குப் போன ஒரு மாதத்துக்குள், நவம்பர் 6-இல், உறிஞ்சுகுழலும் சிப்பரும் கேட்டு நீதிமன்றத்தில் மனு போட்டார். பதில் சொல்ல தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் வாங்கியது. கைதின்போது அவற்றைத் தாங்கள் கைப்பற்றவே இல்லை என்பதுதான் வந்த பதில். அவர் மறுபடி மனு போட்டார், இந்த முறை குளிர்கால உடையும் சேர்த்து.

“சாமியார் இதுக்கெல்லாமா கோர்ட்டுக்குப் போவார்?” என்று கேட்கிறவர்கள் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் கடைசி அதிகாரத்தைப் புரட்டிப் பார்க்கலாம். சாவு நெருங்கிவிட்டது என்று தெரிந்தே சிறையிலிருக்கும் பவுல், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவரச் சொல்கிறார், புத்தகங்களையும். குளிர்காலத்துக்கு முன்பே வந்துவிடச் சொல்கிறார். வானகத்து வெற்றிவாகையைப் பற்றி எழுதிய அதே பக்கத்தில்தான் குளிருக்கு அங்கியும் கேட்கிறார்.

“செபித்தால் வலி போய்விடும். போகவில்லையா, செபம் போதவில்லை.” குணமளிக்கும் கூட்டங்களில் இது சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. பவுல் மூன்று முறை மன்றாடியும் அவர் உடலில் தைத்த முள் போகவில்லை. திருத்தூதர் பணிகள் 12-ஆம் அதிகாரத்தில் பேதுருவைச் சிறையிலிருந்து வானதூதர் கூட்டிப்போகிறார். சில வரிகளுக்கு முன்னால் யாக்கோபின் தலை வாளுக்கு இரையாகிறது. பேதுருவுக்காகக் கூடிச் செபித்த சபை யாக்கோபுக்காகச் செபிக்காமலா இருந்திருக்கும்?

வியட்நாம் ஆயர் நுயென் வான் துவான் 1975-இல் கைதாகி 13 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார், அதில் 9 ஆண்டுகள் தனிமையில். வயிற்றுவலி மருந்து என்று சீட்டு ஒட்டி வெளியிலிருந்து வந்த திராட்சை இரசத்தில் மூன்று சொட்டும், தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளங்கையில் விட்டுத் திருப்பலி நிறைவேற்றினார். இது எல்லாருக்கும் பிடித்த கதை. ஆனால் நோயும் களைப்பும் அமுக்கியதில் ஒரு செபம்கூடச் சொல்ல முடியாமல் முழு நாள்கள் கழிந்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். அதை நம் பிரசங்கங்கள் விட்டுவிடுகின்றன. 2001-இல் திருச்சபை அவரைக் கர்தினாலாக்கியது.

நம் ஊர் மறைசாட்சி தேவசகாயத்தின் கதையிலும் இதே வசதியான மறதி உண்டு. புலியூர்க்குறிச்சிப் பாறையில் தண்ணீர் ஊறியது என்ற மரபை விரிவாகப் பேசுவோம். அதற்கு முன் அவர் தாகத்தில் தவித்த தவிப்பு அரை வாக்கியத்தில் முடிந்துவிடும்.

இன்னொரு நம்பிக்கை, “இதெல்லாம் தனி மனிதரின் மன உறுதி” என்பது. தலோஜாவிலிருந்து ஸ்டேன் சாமி எழுதிய கடிதம் அப்படிச் சொல்லவில்லை. காலையிலும் மதியத்திலும் சாப்பிடத் துணை, சக கைதி அருண் ஃபெரேரா. குளிக்க உதவியவர் வெர்னன் கொன்சால்வஸ். இரவுச் சாப்பாட்டுக்குக் கைகொடுத்து, துணி துவைத்து, முழங்கால் மூட்டைப் பிடித்துவிட்டவர்கள் அவரோடு அறையில் இருந்த, மிக ஏழ்மையான குடும்பங்களைச் சேர்ந்த இருவர். தமக்காக அல்ல, இவர்களுக்காகச் செபிக்கச் சொல்லித்தான் எழுதினார்.

2021 மே 21 அன்று காணொலி வழியே மும்பை உயர் நீதிமன்றத்தில், சிறைக்கு வந்தபோது தானே உண்டதையும் எழுதியதையும் நடந்ததையும் குளித்ததையும், அவை ஒவ்வொன்றாகக் கழன்றுபோனதையும் சொன்னார். மருத்துவமனை வேண்டாம், ராஞ்சியில் தம் மக்களோடு இருக்கவேண்டும் என்றார். இதைத் தளர்ச்சி என்று படித்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடலின் நிலையை ஒளிக்காமல் சொல்ல அவருக்கு விசுவாசம் தடையாக இல்லை, அவ்வளவே. நீதிமன்ற உத்தரவின் பேரில் பாந்த்ராவிலுள்ள தனியார் மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட அவர், ஜூலை 5 அன்று இறந்தார். வழக்கு விசாரணை அப்போதும் தொடங்கியிருக்கவில்லை.

கைதி என்றால் வலியைச் சகித்துத்தான் ஆகவேண்டும் என்பதும் உண்மையல்ல. சிறைக்குள் போவதால் அடிப்படை உரிமைகள் அற்றுப்போவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1978-இலேயே சுனில் பத்ரா வழக்கில் சொல்லிவிட்டது. பங்கிலிருந்து சிறைச் சந்திப்புக்குப் போகிறவர்களே, செபமாலையும் விவிலியமும் கொண்டுபோங்கள். கூடவே என்ன வலி, என்ன மாத்திரை கிடைக்கிறது, மருத்துவர் எப்போது பார்த்தார் என்றும் கேளுங்கள். சிகிச்சை கிடைக்கவில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். கைதிக்கு அங்கே வக்கீல் இலவசம்.