கழுத்தில் ஒரு கட்டி: வலிக்கவில்லை என்று விட்டுவிடலாமா?



பல் வலி வந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டையே எழுப்பி விடுகிறோம். கழுத்தில் கட்டி வந்தால் மட்டும் "வலிக்கலையே, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறோம். தைராய்டு புற்றுநோயைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: ஆரம்பத்தில் அது பெரும்பாலும் வலிக்காது.

தைராய்டு என்பது என்ன?

குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயின் முன்பக்கம், வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி இது. எடை சுமார் 20 கிராம். உணவில் உள்ள அயோடினை எடுத்து ஹார்மோன் தயாரிக்கிறது. என்ஜினுக்கு கவர்னர் எப்படியோ, உடம்பின் வேகத்துக்கு இது அப்படி.

யாருக்கு ஆபத்து அதிகம்?

1. பெண்களுக்கு. ஆண்களைவிட சுமார் 3 மடங்கு.
2. சின்ன வயதில் தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பட்டவர்களுக்கு.
3. குடும்பத்தில் ஏற்கெனவே இந்நோய் வந்தவர்களுக்கு. மெடுல்லரி என்னும் வகையில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது பரம்பரையாக வருகிறது.

கதிர்வீச்சு என்ன செய்யும் என்பதற்கு செர்னோபில் சாட்சி. 1986 ஏப்ரல் 26 அன்று, அப்போது சோவியத் யூனியனில் இருந்த உக்ரைனில், அந்த அணுமின் நிலையத்தின் நாலாவது உலை வெடித்தது. அயோடின்-131 காற்றில் பரவிப் புல்லில் படிந்தது. புல்லை மேய்ந்த மாட்டின் பாலில் இறங்கியது. பாலைக் குடித்த குழந்தைகளின் தைராய்டில் போய்ச் சேர்ந்தது. அதன் அரை ஆயுள் வெறும் 8 நாள்தான். ஆனாலும் அப்போது சிறுவர்களாக இருந்தவர்களில் 6,000க்கும் மேற்பட்டோருக்கு 2005க்குள் இந்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதில் பெரும் பங்கு இந்தக் கதிர்வீச்சால் வந்தது. பக்கத்து நாடான போலந்து, 1 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு உடனே சாதாரண அயோடினைக் கொடுத்தது. சுரப்பி நல்ல அயோடினால் நிரம்பிவிட்டால் கெட்டதுக்கு உள்ளே இடமிருக்காது அல்லவா!

எச்சரிக்கை அறிகுறிகள்

* கழுத்தின் முன்பக்கம் கட்டி. எச்சில் விழுங்கும்போது அதுவும் மேலே ஏறி இறங்கும்.
* கட்டி கெட்டியாக இருப்பது, வேகமாக வளர்வது.
* சளி, ஜுரம் இல்லாமலே குரல் கம்மி, வாரக்கணக்கில் சரியாகாமல் இருப்பது.
* விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம்.
* கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டி, கரையாமல் நிற்பது.

இதைப் படித்துவிட்டு யாரும் பதற வேண்டாம். 10 கட்டியில் 9 புற்றுநோய் அல்ல. ஆனால் எது அந்த ஒன்று என்பதைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

ரத்தப் பரிசோதனை மட்டும் போதுமா?

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் யாருக்கு ஆஸ்பத்திரி சீட்டு வந்தாலும், "டேய், நீதான் படிச்சவன், என்ன போட்டிருக்குன்னு பாரு" என்று என் கைக்கு வந்துவிடும். போன வருஷம் பெரியம்மா கொடுத்த சீட்டில் தைராய்டு ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல். கழுத்தில் மட்டும் நெல்லிக்காய் அளவு கட்டி. 2 வருஷமாக முந்தானையால் மூடி வைத்திருந்தார்கள். "ஊசி குத்தினா பரவிடுமாம்டா" என்ற பயம்தான் காரணம்.

டாக்டர் விளக்கியதை நம்ம பாஷையில் சொல்கிறேன். டேக்கோமீட்டர் என்ஜினின் வேகத்தைச் சொல்லும். வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று சொல்லாது. அதேபோல் டி.எஸ்.எச். பரிசோதனை சுரப்பியின் வேலையைத்தான் சொல்லும். புற்றுநோய் இருந்தாலும் அது பெரும்பாலும் நார்மலாகவே வரும். கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், சந்தேகம் இருந்தால் மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனையும் வேண்டும். அந்த ஊசியால் நோய் பரவிவிடும் என்று பயந்து சோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பெரியம்மாவுக்கு வந்தது பாப்பில்லரி வகை. தைராய்டு புற்றுநோயில் அதிகம் வருவதும் இதுதான், நன்றாகக் குணமாவதும் இதுதான். ஆபரேஷன் முடிந்தது. இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை போட்டுக்கொண்டு களை எடுக்கப் போகிறார்கள்.

சிலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு அயோடின்-131ஐயே மருந்தாகக் கொடுப்பார்கள். செர்னோபிலில் நோய் தந்த அதே பொருள்! தைராய்டு செல் அயோடினைத் தேடி உறிஞ்சும். அப்படி உறிஞ்சும் கதிர்வீச்சின் அளவு மிக அதிகமானால், மிச்சமிருக்கும் செல்களே செத்துப்போகும்.

நாம் செய்ய வேண்டியது

கண்ணாடி முன் நின்று தாடையை லேசாக உயர்த்தி, ஒரு வாய் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். குரல்வளைக்குக் கீழே ஏதாவது புடைத்து ஏறி இறங்கினால், அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைப் பிரிவிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ காட்டுங்கள். இந்த லீவில் ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கும் அக்காவுக்கும் சொல்லிக்கொடுங்கள். அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள். படித்த பிள்ளை நாம்தான் கேட்க வேண்டும்.

— இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை