நிலாவில் திருப்பி மாட்டிய வைஸ்

கே: சனி, ஞாயிறுகளில் எதையாவது செய்து பார்க்க வீட்டில் ஒரு சின்னப் பட்டறை போடப்போகிறேன். முதலில் பேட்டரி டிரில் வாங்கலாமா? அது நாசா கண்டுபிடித்ததுதானே?

ப: தாராளமாக வாங்குங்கள், நன்றியை மட்டும் நாசாவுக்கு அனுப்பாதீர்கள். தாங்கள் கண்டுபிடிக்கவில்லை என்று நாசாவே சொல்லிவிட்டது. பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961-லேயே பேட்டரி டிரில்லைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. நிலாவைத் துளைக்கும் டிரில்லுக்கு அதே நிறுவனம் மோட்டார் பாகத்தைச் செய்து கொடுத்தது பிற்பாடு. பின்னால் நடந்ததை ஊர்வாய் முன்னால் வைத்துவிட்டது.

டிரில் வீட்டுக்குள் நுழைந்த கதை இதைவிட ருசி. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ஆலைத் தொழிலாளிகள் கம்பெனி டிரில்லை வீட்டு வேலைக்காகச் சத்தமில்லாமல் ‘இரவல்’ எடுத்துப் போனார்கள். ஆசை இவ்வளவு இருக்கிறதே என்று 1946-ல் வீட்டுக்கென்றே டிரில் வந்தது.

நிலாவுக்கே வருகிறேன். 1971, அப்பல்லோ 15. விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் இரண்டு மீட்டருக்கும் மேல் துளை போட்டு, மண் நிறைந்த குழாயைச் சக வீரர் இர்வினோடு சேர்ந்து மூச்சுத் திணறப் பிடுங்கினார். குழாய்த் துண்டுகளைக் கழற்ற ரோவர் வண்டியில் ஒரு வைஸ் வைத்து அனுப்பியிருந்தார்கள். அதைத் திருப்பி மாட்டியிருந்தார்கள்! எத்தனை பேர் சரிபார்த்த வண்டி அது! உங்கள் மேஜையில் வைஸ் மாட்டும்போது, ஒரு கட்டையைக் கவ்வவிட்டுப் பார்த்த பிறகே போல்ட்டை முடுக்குங்கள்.

கே: சுவரில் துளைப்பலகை அடித்து எல்லா டூல்ஸையும் கொக்கியில் மாட்டினேன். ஒரே மாதத்தில் பழைய குப்பைதான். என்ன செய்ய?

ப: மாட்டினீர்கள், சரி. வரைந்தீர்களா? இதைப் பல இதழ்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன். அமெரிக்கச் சமையல் மேதை ஜூலியா சைல்டுக்காக அவர் கணவர் பால், 1961 வாக்கில் மாசசூசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜில் ஓர் அடுக்களை அமைத்தார். துளைப்பலகையில் ஒவ்வொரு வாணலியையும் மாட்டி, அதன் உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டார். அந்த அடுக்களையை 2001-ல் அப்படியே பெயர்த்து வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள்.

உங்கள் கட்டிங் பிளையரைச் சுற்றியும் மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். ஞாயிறு இரவு விளக்கை அணைக்குமுன் சுவரைப் பார்த்தால், மொட்டை மாடியில் விட்டுவந்த ஸ்பானரின் இடம் காலியாக நின்று உங்களைக் கூப்பிடும். லேபிள் எழுதி ஒட்டுவதெல்லாம் வீண், அவசரத்தில் எவரும் படிப்பதில்லை.

ஜூலியாவின் அடுக்களையில் இன்னொன்றும் கற்கலாம். ஜூலியா 6 அடி 2 அங்குலம். அதனால் வழக்கமான 36 அங்குல மேடையை பால் 38-ஆக உயர்த்தினார். மரவேலை மேஜை என்றால், நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள், மணிக்கட்டு வரும் உயரம்தான் உங்களுக்கு. கடைக்காரர் சொல்லும் உயரம் அவருக்கு.

கே: அந்த ஜூலியா சைல்ட் உளவாளியாமே?

ப: டிரில்லில் தொடங்கி எங்கே வந்துவிட்டோம்! உளவுத்துறையில் இருந்தார், உளவாளி அல்ல. போர்க்காலத்தில் ஓ.எஸ்.எஸ். என்ற அமெரிக்க உளவு அமைப்பில் சேர்ந்து, சுறாவை விரட்டும் மருந்து உருவாக்கிய பிரிவில் வேலை பார்த்தார். 1944-ல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். கண்டியில் ரகசியக் காகிதங்களைப் பதிந்து, அடுக்கி, கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் பதிவகம் அவர் பொறுப்பு. அங்கேதான், நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகத்துக்காகப் போர் வரைபடங்கள் தயாரித்துக்கொண்டிருந்த பாலைச் சந்தித்தார். காகிதம் அடுக்கியவருக்கும் படம் வரைந்தவருக்கும் 1946-ல் கல்யாணம். அவர்கள் வீட்டுச் சுவர் வேறு எப்படி இருக்கும்? சமையல் மட்டும் அப்போது ஜூலியாவுக்குச் சரியாக வராது. 1949-ல், 37 வயதில், பாரிஸின் கார்டன் புளூ பள்ளியில் சேர்ந்துதான் முறையாகக் கற்றார்.