முழங்காலில் 'டப்' என்று கேட்டால்...

மாலையில் பள்ளி விட்டதும் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மைதானங்களில் கபடி தொடங்கிவிடும். பாடிச் சென்றவன் திரும்பும்போது எதிரணியினர் அவன் கணுக்காலைப் பிடிக்கின்றனர். பாதம் மண்ணில் ஊன்றி நிற்க, உடல் மட்டும் நடுக்கோட்டை நோக்கித் திருகுகிறது. முழங்காலுக்குள் 'டப்' என்று ஓர் ஓசை. அடுத்து நடப்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. இருவர் அவனைத் தூக்கி ஓரத்தில் உட்கார வைப்பர். ஒருவர் காலைப் பிடித்து இழுப்பார். வீட்டில் எண்ணெய் காய்ச்சி அழுத்தித் தேய்ப்பர். வலி குறைந்ததும், இரண்டு வாரத்தில் பையன் மறுபடியும் களத்தில் நிற்பான். இழுத்தது, தேய்த்தது, ஆடப் போனது ஆகிய மூன்றும் தவறு. ஏன் என்பதை அறிய மூட்டின் அமைப்பைக் காண்போம்.

முழங்காலைக் கீல் மூட்டு என்று படித்திருப்பீர்கள். கதவின் கீலுக்கு நடுவே ஒரு கம்பி உண்டு; முழங்காலில் அப்படி எதுவும் இல்லை. தொடை எலும்பின் உருண்ட முனைகள் இரண்டும் கீழ்க்கால் எலும்பின் ஏறக்குறையத் தட்டையான பரப்பின்மேல் அமர்ந்துள்ளன. அவற்றை இறுகப் பிணைப்பவை, மருத்துவர்கள் லிகமெண்ட் எனக் கூறும் நான்கு பிணைநார்கள். இரண்டு பக்கவாட்டில் உள்ளன. மற்ற இரண்டும் மூட்டின் நடுவே பெருக்கல் குறிபோல் குறுக்காகச் செல்கின்றன. இவற்றுள் முன்புறம் உள்ளதுதான் விளையாட்டுச் செய்திகளில் அடிக்கடி வரும் ஏ.சி.எல். நீளம் 3 செ.மீ.க்குச் சற்று மேல்; அகலம் சுமார் 1 செ.மீ. கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமலும் அளவுமீறித் திருகாமலும் காப்பது இதன் வேலை.

எலும்புகளுக்கிடையே பிறை வடிவக் குருத்தெலும்புகள் இரண்டு உண்டு. இவை வெளிவிளிம்பில் தடித்தும் உள்விளிம்பில் மெலிந்தும் இருக்கும். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் கோயில் தேரின் சக்கரத்தடியில் கட்டை போடுகிறார்கள் அல்லவா? உருண்ட எலும்பு வழுகாதபடி இந்தப் பிறைகளும் ஆப்புபோல் நிற்கின்றன. உடல் எடையைப் பரப்பி ஏற்பதும் இவையே.

இனி, நெம்புகோல் கணக்கு ஒன்று. முழங்காலிலிருந்து கணுக்கால் சுமார் 40 செ.மீ. தொலைவு. கணுக்காலைப் பிடித்து 300 நியூட்டன் விசையுடன் (அதாவது ஏறத்தாழ 30 கிலோ எடை) வெளிப்புறமாக இழுத்தால், முழங்காலில் திருப்புத்திறன் 120 நியூட்டன் மீட்டர். இதை எதிர்க்கும் உட்பக்கப் பிணைநாருக்கு 5 செ.மீ. அளவு கரம்தான் கிடைக்கிறது. தசைகள் துணைக்கு வராவிட்டால் அந்த நார் 2,400 நியூட்டன் தாங்கவேண்டும். ஆய்வகச் சோதனைகளில் இளவயதினரின் ஏ.சி.எல். ஏறத்தாழ 2,200 நியூட்டனில் அறுந்துவிடுகிறது. பிடித்தவன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. கரத்தின் நீளம் அப்படி!

எது சேதமடைந்தது என்பதை வீக்கம் வரும் நேரமே ஓரளவு சொல்லிவிடும். ஓசை கேட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பந்துபோல் வீங்கினால், மூட்டுக்குள் இரத்தம் கசிகிறது என்று பொருள்; ஏ.சி.எல். அறுந்திருக்கலாம். வீக்கம் மறுநாள் மெல்ல வந்து, காலை முழுக்க நீட்ட முடியாமல் இடையில் சிக்கிக்கொண்டால், பிறைக் குருத்தெலும்பு கிழிந்து மாட்டியிருக்கலாம். முட்டிச் சில்லு வெளிப்பக்கம் விலகியிருந்தால் கண்ணுக்கே தெரியும்; அதை நீங்கள் தள்ளிப் பொருத்த முயலக்கூடாது. நான்கு அடி நடக்க முடியவில்லை, 90 பாகை மடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தாகவேண்டும். பாதம் குளிர்ந்து, வெளிறி, மரத்துப்போனால் இரத்தக்குழாயோ நரம்போ பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். அப்போது காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

உங்கள் வயதில் எலும்பின் முனைகளில் இன்னும் வளரும் தட்டுகள் உள்ளன. பல வேளைகளில் பிணைநாரைவிட இத்தட்டே வலுக் குறைந்தது. நார் அறுவதற்குப் பதிலாகத் தட்டு விலகலாம், அல்லது நார் ஒரு துண்டு எலும்பையே பெயர்த்து எடுக்கலாம். அப்படிப்பட்ட காலைச் 'சுளுக்கு' என்று எண்ணி இழுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

முதலுதவி எளிது. ஆட்டத்தை நிறுத்தி, காலை அசையாமல் வைத்து, தலையணைமேல் உயர்த்துங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். தோலில் நேராக வைத்தால் தோல் புண்ணாகும். குளிர்ந்த நீரைவிடப் பனிக்கட்டி ஏன் மேல்? ஒரு கிராம் பனிக்கட்டி உருகவே 80 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது! வலியைக் குறைப்பதே இதன் முதன்மைப் பயன். பிறகு கிரேப் பேண்டேஜ் கட்டலாம். (இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பெயர்பெற்ற ஊர்.) ஒரே இழுப்பில் சுற்றினாலும், கால் மெலிந்த இடத்தில் ஆரம் குறைவதால் அழுத்தம் கூடும், அங்கே தளர்த்திச் சுற்றுங்கள். முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு ஒத்தடச் சூடும் எண்ணெய்த் தேய்ப்பும் வேண்டாம். இரண்டும் கசிவை மிகுதியாக்கும்.

அடுத்து, எலும்பு மருத்துவரிடம் செல்லவேண்டும். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நார்களைக் காட்டாது. அதற்கு எம்.ஆர்.ஐ. தேவை. பக்கப் பிணைநார் பெரும்பாலும் தாங்குபட்டையுடன் சில வாரங்களில் கூடிவிடும். முழுதும் அறுந்த ஏ.சி.எல். தானாகக் கூடுவது அரிது. இரண்டு வாரத்தில் வலி போவதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். வலி போனாலும் பிடிப்பு வருவதில்லை. ஓடித் திரும்பும்போது முட்டி 'நழுவும்'. ஒவ்வொரு நழுவலிலும் பிறைக் குருத்தெலும்பு நசுங்கிக் கிழியும். குருத்தெலும்பு போனால் நடுவயதிலேயே மூட்டுத் தேய்வு வரலாம்.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 2016 ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் வலது முழங்கால் அடிபட்டுத் தூக்குப்படுக்கையில் வெளியேறினார். அறுவை சிகிச்சையும் பல மாதப் பயிற்சியும் பெற்று, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். அறுவை சிகிச்சைக்குப் பின் குறைந்தது ஒன்பது மாதம் போட்டிக்குப் போகக்கூடாது என்பதே இன்றைய அறிவுரை.

பெண்களுக்கு ஏ.சி.எல். காயம் ஆண்களைவிட இரு மடங்குக்கும் மேல் நேர்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே மாணவிகள் குதித்து இறங்கும் முறையைப் பழகுவது மிக முக்கியம். 40 செ.மீ. உயரத்திலிருந்து விறைத்த காலுடன் இறங்கி, உடல் 4 செ.மீ.க்குள் நின்றால், தரை தரும் சராசரி விசை உடல் எடையைப்போல் 11 மடங்கு. முழங்காலை மடக்கி 20 செ.மீ. தாழ்ந்து நின்றால் 3 மடங்குதான். இறங்கும்போது முட்டிகள் உள்நோக்கிச் சாயாமல் பாதவிரல்களுக்கு நேராக நிற்கின்றனவா என்று நண்பர் ஒருவரை எதிரே நின்று பார்க்கச் சொல்லுங்கள். வாரம் மூன்று நாள், ஆட்டத்துக்குமுன் பதினைந்து நிமிடம் போதும்.