பரல்கள் கூறும் சான்று
(வண்டல் விசிறிகளும் தொல்பாறைகளும்)

தோற்றுவாய்

சிலப்பதிகாரத்து வழக்கைத் தீர்த்து வைத்தது ஒரு பரல். உடைந்த சிலம்பினின்று தெறித்தது முத்தன்று, மாணிக்கம் என்று கண்ட அளவில் அவையில் வாதத்திற்கு இடமில்லாது போயிற்று. பரல் என்னும் சொல்லுக்குச் சிலம்பினுள் இடும் மணி என்பது ஒரு பொருள். பருக்கைக்கல் என்பது மற்றொரு பொருள். பாலை வழியைப் பாடும் புலவர் வழிச்செல்வோர் காலை உறுத்தும் பரலைப் பாடாது விடுவது அரிது. நிலநூலார் தம் வழக்குகளில் முன்னிறுத்தும் சான்றும் இந்த இரண்டாவது பரலே. எந்த மலையில் பிறந்தாய், எவ்வளவு தொலைவு நடந்தாய், உன்னைச் சுமந்தது நீரா, சேறா, பனிக்கட்டியா என்று கேட்டால் அது விடை கூறுகிறது.

யாம் தமிழ் பயிற்றுவிப்போர். நிலநூல் எம் துறையன்று. ஆயினும் அறிவியலைத் தமிழில் எழுதவியலாது என்று கூறுவோர்க்கு விடையாக ஒரு பொருளை எடுத்து எழுதிப் பார்ப்பதே தக்கது எனக் கருதினோம். அவ்வகையில் இங்கு எடுத்துக்கொண்டது வண்டல் விசிறி. மலை முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில் ஆறு விரித்து வைக்கும் படிவுக்கு இப்பெயர். இப்படிவு எவ்வாறு உருவாகிறது என்பதும், பல கோடி ஆண்டுகளுக்குப் பின் பாறையாகி உருவிழந்து கிடக்கும்போது அதனை எவ்வாறு இனங்காண்பது என்பதும் இக்கட்டுரையின் பொருள்.

விசிறி விரியும் விதம்

இப்படிவுகளை முதலில் விரிவாக ஆராய்ந்து எழுதியவருள் ஒருவர் ஃபிரெடெரிக் துரூ. காசுமீர மன்னரிடம் பணியாற்றிய இவ்வாங்கிலேயர், சிந்துநதியின் மேற்பகுதியில், இலடாக்கு நிலத்தில், தாம் கண்டவற்றை 1873இல் கட்டுரையாக வெளியிட்டார். மரம் செடியற்ற வறண்ட மலைகளினின்று கிளைப்பள்ளத்தாக்குகள் இறங்கிப் பெரும்பள்ளத்தாக்கினைச் சேரும் இடந்தோறும், விரித்த விசிறி போன்ற மேடுகளை அவர் கண்டார். இலடாக்கின் பசுமையான சிற்றூர்கள் பல அம்மேடுகளின் மீதே அமைந்துள்ளன. அங்குதான் நீரும் உண்டு, உழத்தக்க மண்ணும் உண்டு.

மலையிடுக்கில் ஓடும் ஆற்றுக்கு இருபுறமும் பாறைச் சுவர்கள். அச்சுவர்களுக்கிடையே நீர் ஆழமாகவும் விரைவாகவும் ஓடுவதால் பெருங்கற்களையும் உருட்டி வருகிறது. இடுக்கின் வாயைக் கடந்ததும் சுவர்கள் இல்லை. நீர் பக்கவாட்டில் பரவுகிறது, ஆழம் குறைகிறது, விரைவும் குறைகிறது, ஒரு பகுதி கீழுள்ள கல்லிடைகளில் உறிஞ்சப்படுகிறது. சுமந்து வந்ததைத் தொடர்ந்து சுமக்க வலியின்றி, பெரியதை முதலிலும் சிறியதைப் பின்னருமாக இறக்கிவிட்டுச் செல்கிறது. மலைவாயில் நிலத்தின் சாய்வு திடீரெனக் குறைவதே படிவுக்குக் காரணம் என்று பாடநூல்கள் பல கூறிவந்தன. அளந்து பார்த்தோர், பல விசிறிகளின் உச்சியில் அத்தகைய திடீர் மாற்றம் இல்லை என்று காட்டினர். சாய்வு அப்படியே இருப்பினும் கட்டுப்பாடு நீங்கியதே ஆற்றின் வலிமையைக் குலைக்கிறது.

இவ்வாறு படிந்த மேட்டின் மீது ஆறு ஒரே வழியில் நெடுங்காலம் ஓடுவதில்லை. ஓடும் வழி கல்லாலும் மணலாலும் உயர்ந்துவிடவே, அடுத்த வெள்ளம் அதனைவிடத் தாழ்ந்த பக்கத்தை நாடுகிறது. இடுக்கின் வாய் அசையாத முனை; ஆறு அம்முனையில் கட்டிய கயிறுபோல் இடமும் வலமும் மாறி மாறி வீசப்படுகிறது. பல நூறு, பல ஆயிரம் ஆண்டுகளில் அது தொடாத பக்கம் இல்லையாகும்போது விசிறி முழுமை பெறுகிறது. எனவே ஒரு விசிறியின் மீது வறண்டு கிடக்கும் பகுதி ஆறு கைவிட்ட பகுதி என்று பொருள்படாது. தன் முறைக்குக் காத்திருக்கும் பகுதி என்றே பொருள்படும்.

பீகாரின் கோசி ஆறு இதற்குப் பெரியதொரு சான்று. இரு நூற்றாண்டுகளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்த அவ்வாறு, கரைகளுக்குள் அடக்கப்பட்டபின், 2008 ஆகஸ்டு 18 அன்று நேபாளத்துக் குசகா என்னுமிடத்தில் கரையை உடைத்துக்கொண்டு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் கிழக்கே தன் பழைய வழிக்குத் திரும்பியது. பீகாரில் மட்டும் 30 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் துன்புற்றனர். கோசியின் படிவு மிகப் பெரிது, அதன் சாய்வோ மிகச் சிறிது. ஆகவே அதனை இவ்வினத்தில் சேர்க்கலாமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆறு இடம்மாறும் முறைமை மட்டும் ஒன்றே.

நீர் மட்டுமே விசிறியைக் கட்டுவதில்லை. பெருமழையில் மலைச்சரிவின் மண்ணும் கல்லும் நீரோடு குழைந்து, கட்டிச் சேறாக இறங்குவதும் உண்டு. இதனைக் கற்சேற்றோட்டம் எனலாம். நீரில் அமிழும் பாறை இச்சேற்றில் மிதந்து வருகிறது. நீரோட்டம் தன் சுமையைத் தரம் பிரித்துப் படியச் செய்யும். சேற்றோட்டமோ நிற்கும் இடத்தில் அனைத்தையும் ஒருங்கே நிறுத்திவிடும். இவ்வேறுபாட்டை மாணவர் நினைவிற் கொள்க. பாறைகளைப் படிக்கையில் இதுவே திறவுகோல்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள மரணப் பள்ளத்தாக்கு விசிறிகளைக் காண்பதற்குப் பெயர்பெற்ற இடம். கடல்மட்டத்திற்கு 86 மீட்டர் கீழே கிடக்கும் அதன் தரைக்கு இருபுறமும் மலைகள். மேற்குப் பக்கத்து விசிறிகள் அகன்று நீண்டு ஒன்றோடொன்று இணைந்துள்ளன; கிழக்குப் பக்கத்தனவோ சிறியனவாய்ச் செங்குத்தாய் உள்ளன. பள்ளத்தாக்கின் தரை கிழக்கு நோக்கிச் சாய்ந்து அமிழ்ந்து வருவதே இதற்குக் காரணம். கிழக்கு விசிறிகளின் அடிப்பகுதியை உப்புத்தரையின் சேறு மூடிக்கொண்டே வருகிறது. விசிறியின் அளவைக் கண்டே நிலம் எப்பக்கம் தாழ்கிறது என்று கூறிவிடலாம்.

நம் சமுதாயப் பெரியோருள் வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியோர் பலர். ராசல்கைமாவிலிருந்து ஹஜர் மலையடி ஓரமாகச் சென்றவர்கள் ‘வாதி’ என்று அரபியர் அழைக்கும் வறண்ட ஆற்றுவாய்களையும், அவற்றின் முன் பரந்து கிடக்கும் கல்வெளிகளையும் கண்டிருப்பர். அவை இணைந்த விசிறிகளே. பாரசீகத்தில் ‘கனாத்’ எனப்படும் நிலத்தடி நீர்வழிகளைத் தோண்டியோரும் விசிறிகளின் பரல் அடுக்குகளுக்குள் தங்கிய நீரையே தேடிச் சென்றனர். உச்சிப் பகுதியில் தாய்க்கிணறு, அங்கிருந்து மெல்லச் சாயும் சுரங்கம், முடிவில் ஊர். நிலநூல் என்னும் கல்வி முறையாகத் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அம்மக்கள் விசிறியின் உள்ளமைப்பை அறிந்திருந்தனர்.

உருவிழந்த விசிறி

மரணப் பள்ளத்தாக்கில் விசிறியைக் காண்பது எளிது. வானிலிருந்து எடுத்த படமே போதும். தொல்பாறையில் அவ்வசதி இல்லை. மலை தேய்ந்து மறைந்திருக்கும். படிவு புதைந்து பாறையாகி, மடிந்து, மீண்டும் உயர்ந்து, பாதி அரிக்கப்பட்டிருக்கும். விசிறி வடிவம் என்று சொல்லிக்கொள்ள ஏதும் எஞ்சியிராது. அப்போது பரல்களையே கேட்கவேண்டும்.

முதலில் கல்லின் வடிவையும் அளவையும் நோக்குவர். நெடுந்தொலைவு உருண்ட கல் வழவழப்பாகும். மலையடியிலேயே நின்றுவிட்ட கல் முனை மழுங்காது இருக்கும். பாறாங்கல்லும் மணலும் களியும் தரம் பிரியாமல் கலந்து கிடப்பின், வந்த தொலைவு குறைவு என்பது தெளிவு. அடுத்து, கற்கள் ஒன்றையொன்று தொட்டு அடுக்கியுள்ளனவா, அன்றிச் சேற்றினுள் பண்டத்தில் இட்ட முந்திரி போலத் தனித்தனியே பதிந்துள்ளனவா என்று காண்பர். முன்னது நீரோட்டத்தின் வேலை. பின்னது கற்சேற்றோட்டத்தின் வேலை. இரண்டும் மாறி மாறி அடுக்காக வருமாயின் விசிறி என்னும் ஐயம் வலுக்கிறது.

நீரால் அடுக்கப்பட்ட தட்டைக்கற்கள் கூரையோடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும். அவை சாய்ந்திறங்கும் பக்கமே நீர் வந்த பக்கம். பல இடங்களில் இச்சாய்வை அளந்து வரைபடத்தில் குறித்தால், நீர் சென்ற திசைகள் ஒரு முனையிலிருந்து விரிந்து செல்வதைக் காணலாம். கண்ணால் காணவியலாத விசிறி தாளில் மீண்டும் விரிகிறது! எமக்கு இத்துறையில் மிகவும் வியப்பளித்த முறை இதுவே.

பரலின் இனமும் பேசுகிறது. மலை தேயும்போது மேலுள்ள பாறையே முதலில் உடைந்து கீழே வரும். உள்ளிருக்கும் பாறை பின்னர் வரும். ஆகவே விசிறியின் அடியில் மலையின் முடியும், மேலடுக்கில் மலையின் உட்பகுதியும் கிடக்கும். கடைசி ஏட்டை மேலே வைத்துத் தலைகீழாக அடுக்கிய சுவடிக்கட்டு என்று இதனைக் கூறலாம். மலையே இன்று இல்லாவிடினும் அதன் வரலாற்றை இச்சுவடியில் படிக்கலாம்.

ஆயினும் ஒரு சான்றை மட்டும் நம்பித் தீர்ப்பு வழங்குதல் பிழை. பனியாறும் தரம்பிரியாக் கற்குவியலைத் தரும்; ஆனால் அதன் கற்களில் கீறல்கள் காணப்படும், வெகுதொலைவுக் கற்களும் கலந்திருக்கும். கடற்கரைக் கற்கள் ஒரே அளவினவாய் உருண்டிருக்கும். கடலடியிலும் விசிறிகள் உண்டு; அவற்றோடு கடலுயிர்ப் புதைபடிவங்கள் இருக்கக்கூடும். செந்நிறத்தைக் கண்டவுடன் பாலைநிலத்து விசிறி என்று முடிவு கட்டுவாரும் உளர். செந்நிறம் படிவுக்குப் பின்னரும் ஏறக்கூடும் என்பதை அவர் மறக்கின்றனர். அருகே சேறு உலர்ந்து வெடித்த தடமும், உப்புப் படிவும், மலையை நோக்கித் தடித்து எதிர்ப்பக்கம் விரைந்து மெலியும் ஆப்பு வடிவும் சேர்ந்து கிடைத்தாலன்றி வழக்கு நிறைவு பெறாது.

ஆத்திரேலியாவின் நடுவே நிற்கும் உலுரு என்னும் செம்பாறையைப் படத்திலேனும் காணாதார் குறைவு. அதற்கு மேற்கே கட்டா சூட்டா என்னும் குன்றுத்தொகுதி உண்டு. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியில் எழுந்த உயர்மலையின் அடியில் விரிந்த இரு விசிறிகளின் எச்சங்களே இவை. கட்டா சூட்டாவில் கருங்கல்லும் எரிமலைப் பாறையுமான பெரும்பரல்கள் இறுகிக் கிடக்கின்றன. உலுருவோ பெரும்பாலும் மணல். ஆனால் வெயிலிலும் நீரிலும் எளிதில் சிதையும் ஃபெல்ஸ்பார் மணிகள் அம்மணலில் மிகுதி. அவை சிதையாது தப்பியமை, விரைந்து உடைந்து விரைந்து புதைந்தமைக்குச் சான்று. பின்னர் நேர்ந்த நிலமடிப்பால் உலுருவின் அடுக்குகள் ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்ந்துவிட்டன. படுத்திருந்த விசிறி எழுந்து நிற்கிறது என்னலாம்.

நார்வே நாட்டு ஹோர்னலன் படுகை இன்னும் வியப்பானது. டெவோனியக் காலத்தைச் சேர்ந்த அப்படுகையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் அளவுக்கு அடுக்குகளை எண்ணியுள்ளனர். சுமார் 100 மீட்டர் தடிப்புடைய ஏறத்தாழ 200 சுற்றுகள் அவற்றில் தெரிகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் அடியில் நுண்மணல், மேலே செல்லச் செல்லப் பருமணலும் பரலும். படுகையின் தரை ஒவ்வொரு முறை தாழ்ந்தபோதும் ஓரத்து விசிறிகள் மீண்டும் உள்நோக்கி முன்னேறியதன் பதிவாக இதனை விளக்குவர்.

இக்கல்வி வேற்றுக்கோளிலும் பயன்பட்டது. 2012 ஆகஸ்டில் செவ்வாயில் இறங்கிய ‘கியூரியாசிட்டி’ ஊர்தி, ஒரு விசிறியின் அடிப்பகுதிக்கு அருகே உருண்ட பரல்கள் இறுகிய பாறையைப் படமெடுத்து அனுப்பியது. 40 மில்லிமீட்டர் வரையிலான அக்கற்களைக் காற்று சுமந்திருக்க இயலாது. ஓடும் நீரே உருட்டியிருத்தல் வேண்டும் என்று அறிஞர் முடிவு செய்தனர்.

வீட்டின் கீழுள்ள பாறை

பயன் என்ன என்று வினவும் பெரியோர்க்கு வெனிசுவேலா நாட்டில் அன்று வர்காசு எனப்பட்ட மாநிலத்தைக் காட்டுவோம். உயர்ந்த மலைக்கும் கடலுக்கும் இடையே அங்குச் சமநிலம் மிகக் குறைவு; இருந்த சமநிலம் பெரும்பாலும் விசிறிகளே. அவற்றின் மீது வீடுகளும் பன்மாடிக் கட்டடங்களும் எழுந்தன. 1999 டிசம்பர் 14 முதல் 16 வரை கடற்கரையில் 911 மில்லிமீட்டர் மழை பெய்தது. மலைச்சரிவுகள் அறுந்து கற்சேற்றோட்டங்களாக இறங்கின. கராபயேதா என்னும் ஊரில் பத்து மீட்டர் அளவுடைய பாறைகளும் தெருக்களுக்குள் வந்து நின்றன. மாண்டோர் பல்லாயிரவர் என மதிப்பிடுவர். சரியான கணக்கு இன்றளவும் இல்லை.

அது முன் நிகழாத ஒன்றன்று. 1951இலும் அக்கரையில் வெள்ளமும் சேற்றோட்டமும் வந்தன. 1798இல் வந்ததை ஹும்போல்ட்டு எழுதிவைத்துள்ளார். ஏடு அறியாத காலத்துக்கும் சான்று இருந்தது. 1999இன் வெள்ளம் விசிறியை ஆழமாக அறுத்துச் சென்றபின், அறுபட்ட கரைகளில் பழைய படிவுகள் வெளிப்பட்டன. அங்கே சேற்றினுள் பதிந்து, தரம் பிரியாது, அன்று வந்தவற்றுக்கு ஒப்பான பெரும்பாறைகள் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றின் மேல்தான் அடித்தளம் இட்டு வீடு கட்டியிருந்தார்கள்.