விலை கேட்கும் முன் பட்டியல் எழுது

சங்கரன்கோவில்,
ஆடி 10.

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ரேடியோ செட்டுக்காரர் வீட்டுப் பரணில் கிடந்த பழைய ரிக்கார்டுகளைப் பெட்டியோடு வாங்கிவிட்டாய் என்று எழுதியிருந்தாய். அமெரிக்காவில் ஒரு பழைய புளூஸ் தட்டு 37,100 டாலருக்கு விலைபோனதாம், நம்முடையது என்ன பெறும் என்றும் கேட்டிருந்தாய். இந்தத் தட்டுகளோடு வெகுகாலம் பழகியவன் என்பதால் பதிலை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த அமெரிக்கத் தட்டின் கதையைத் தெரிந்துகொள். அதில் பாடிய டாமி ஜான்சன் என்பவர் மிசிசிப்பி மாநிலத்துக்காரர். 1930 வாக்கில் பாராமவுண்ட் கம்பெனிக்காகப் பாடினார். அந்தக் கம்பெனியை நடத்தியவர்கள் விஸ்கான்சினில் நாற்காலி செய்து விற்றவர்கள். கிராமபோனுக்கு மரப்பெட்டி செய்யப் போய், தட்டு வியாபாரத்திலும் இறங்கினார்கள். பருத்திக்காட்டில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டை அவர்களுக்கே விற்றார்கள். பொருளாதார மந்தம் வந்ததும் 1930களின் தொடக்கத்திலேயே தொழிலை மூடிவிட்டார்கள். தட்டு அச்சடிக்கும் உலோக மூல அச்சுகள் பழைய இரும்புக்குப் போயின. சனங்கள் வாங்கி வீட்டில் வைத்திருந்த தட்டுகள்தாம் மிச்சம். டாமி ஜான்சனின் அந்தத் தட்டுக்குத் தெரிந்த பிரதிகள் இரண்டே. 2013இல் ஒன்று ஏலத்துக்கு வந்தபோதுதான் நீ படித்த விலை கிடைத்தது.

அரிதானது என்பதாலேயே அந்த விலை வந்துவிடவில்லை. அரிதான பொருள் நம் ஊர்ப் பரண்களிலும் எத்தனையோ உண்டு. அது அரிது என்று சொல்வதற்கு அங்கே ஆள் இருந்தது, அதுதான் வித்தியாசம். 1960களில் கேய்ல் டீன் வார்ட்லோ போன்றவர்கள் மிசிசிப்பியில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, பழைய தட்டு இருக்கிறதா என்று கேட்டு அலைந்தார்கள். பாடியவர் யார், எங்கே பிறந்தார், யாரிடம் கற்றார் என்றும் விசாரித்தார்கள். டிக்சன், காட்ரிச் என்ற இருவர் கறுப்பின மக்களின் புளூஸ், தேவாலயப் பாட்டுத் தட்டுகளுக்கெல்லாம் எண், தேதி, ஊர், உடன் வாசித்தவர் வரை திரட்டி ஒரு பெரும் பட்டியலை அச்சிட்டார்கள். அதன் பிறகே எது எத்தனை மிஞ்சியிருக்கிறது, எது ஒன்றுகூட அகப்படவில்லை என்பது உலகத்துக்குத் தெரிந்தது. பட்டியல் முதலில் வந்தது, பணம் பின்னால் வந்தது. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

நம் நாட்டுத் தட்டுகளின் கதையும் பெயரைப் பதிவதில்தான் தொடங்குகிறது. 1902இல் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பாடவைத்தபோது, அந்த அம்மாள் பாட்டின் முடிவில் தன் பெயரைத் தானே சொன்னார். மெழுகில் பதிந்ததை ஜெர்மனியிலுள்ள ஹானோவருக்கு அனுப்பித் தட்டாக்கினார்கள். அங்கே உள்ளவர்களுக்கு எந்தத் தட்டு யாருடையது என்று விளங்க வேண்டுமே, அதற்காகத்தான் பெயர் சொன்னது. கல்கத்தாவில் ஆலை வந்தது 1908இல்தான். ஒரே பக்கம் பதிந்த தட்டு எதுவும் உன் பெட்டியில் இருந்தால் தனியே எடுத்து வை. அது பெரும்பாலும் அந்த ஆரம்ப காலத்தது.

நம் பக்கத்துக்கே வருகிறேன். செங்கோட்டை கிட்டப்பா 1933 டிசம்பரில் காலமானபோது அவருக்கு வயது 27. அவர் பேசும்படத்தில் நடித்ததில்லை. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் வந்ததே 1938இல். அப்படியானால் தென்னாட்டு நாடகக் கொட்டகைகளை நிறைத்த அந்தக் குரல் இன்று எங்கே இருக்கிறது? அரக்குத் தட்டுகளில் மட்டும். வீணை தனம்மாளையும் நினைத்துப் பார். 1932இல் அவர் பதிந்த சில தட்டுகள் இல்லையென்றால் அந்த விரல்களின் நாதம் நமக்கு வெறும் செவிவழிச் செய்தியாகவே போயிருக்கும். கோயம்புத்தூர் தாயியின் தட்டைக் கேட்டுவிட்டுத்தான் பாரிஸில் இருந்த மாரிஸ் தெலாஜ் என்ற இசையமைப்பாளர் 'ராகமாலிகா' என்றே பியானோவோடு பாடும் உருப்படி ஒன்றை எழுதினார். அந்தத் தாயியின் பெயரைச் சொன்னால் நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டியல் இல்லாத குறை இதுதான்.

இனி உன் பெட்டிக்கு வருவோம். எல்லாம் புதையல் என்று நினைத்துவிடாதே. பாகவதரின் படப்பாட்டுகள் எல்லோருக்கும் பிடித்தவை. அதனாலேயே ஏராளமாக அச்சாயின, ஏராளமாக மிஞ்சின. 'ஹரிதாஸ்' தட்டைப் பார்த்துக் கை நடுங்க வேண்டாம். ஆசையாக வைத்துக் கேள். அதிகம் விற்காத தட்டுகளைத்தான் நீ கவனித்துத் தேட வேண்டும். சுதந்திரப் போராட்டக் காலத்துத் தேசியப் பாட்டுகள், நாடக செட்டுகள், நகைச்சுவை உரையாடல்கள், கோவில் விழாவுக்கென்று பதிந்த நாகஸ்வரம், பெயர் தெரியாத ஸ்பெஷல் நாடகக்காரர்களின் பாட்டு, இவையெல்லாம் அந்த வகை. காவடிச்சிந்து பாடிய தட்டு அகப்பட்டால் எனக்கு உடனே தெரிவி. கழுகுமலை முருகன்மேல் அதைப் பாடிய அண்ணாமலை ரெட்டியார் நம் பக்கத்துச் சென்னிகுளத்துக்காரர். அவர் ஊர்க்காரர்கள் நாம், அந்தத் தட்டை விட்டுவிடக் கூடாது.

நாடக செட்டில் ஐந்தாறு தட்டு சேர்ந்து ஒரு கதை. கவர்ச்சியான ஒன்றை மட்டும் பிரித்து விற்றால் மீதி ஊமையாகிவிடும். எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதே.

பட்டியல் எழுதும் முறையைச் சொல்கிறேன். ஒரு தட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கு. லேபிளின் நிறம், கம்பெனி பெயர், லேபிளில் உள்ள எண், பாடியவர், ராகம், தாளம், எல்லாவற்றையும் அச்சில் உள்ளபடியே எழுது. எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடே எழுது. லேபிளைச் சுற்றிப் பாட்டு வரி இல்லாத வழவழப்பான இடத்தில் பொடியாக ஓர் எண் பொறித்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். அது பதிவு எண். பதிந்த காலத்தைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பிறகு தட்டின் நிலையை எழுது. விளிம்பு உடைந்ததா, மயிரிழைக் கீறல் உண்டா, இரும்பு ஊசி தேய்த்து வரிகள் சாம்பல் நிறமாகிவிட்டனவா? கல்யாண வீட்டுக்கும் கோவில் கொடைக்கும் போய்வந்த செட்டுக்காரர் தட்டுகள் ஓயாமல் உழைத்தவை, தேய்ந்துதான் இருக்கும். அந்தத் தேய்மானத்தை மறைக்காதே.

இதோடு இன்னொன்றும் எழுத வேண்டும். அந்தச் செட்டுக்காரப் பெரியவர் இருக்கும்போதே அவரிடம் போய் உட்கார். எந்தத் தட்டை எந்த ஊர் விழாவில் போட்டார், எதைச் சனம் திரும்பத் திரும்பக் கேட்டது, எங்கே வாங்கினார் என்று கேட்டு எழுது. அவர் விருப்பப்பட்டால் அவர் பேச்சையும் பதிந்துகொள். லேபிளில் இல்லாத சரித்திரம் அவரிடம்தான் இருக்கிறது.

பராமரிப்பில் கவனம் வை. இந்தத் தட்டுகள் அரக்கில் செய்தவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஆகவே ஸ்பிரிட்டோ சானிடைசரோ வைத்துத் துடைத்தால் பாட்டே போய்விடும். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டு. அழுக்கு மிகுந்திருந்தால், காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மிதமான சோப்புத் திரவம் விட்டு, லேபிள் நனையாமல் கழுவி நிழலில் உலர்த்து. ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காமல், செங்குத்தாக நிறுத்திவை. தகரக் கூரை வீட்டில் வைக்காதே, நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வளைந்துவிடும். சாவி கொடுக்கும் கிராமபோனில் அரிய தட்டைப் போடாதே. 78 சுற்றுத் தட்டுக்குரிய அகன்ற ஊசி பொருத்திய, கை கனமில்லாத பிளேயரில் போட்டு முதல் முறையிலேயே பதிந்துவிடு. எல்.பி. தட்டின் ஊசி இதற்கு ஆகாது. இரைச்சலை நீக்காத மூலப் பதிவு ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள். சுத்தம் செய்யும் வேலையைப் பிரதியில் செய்யலாம்.

பதிந்ததைப் பூட்டி வைக்காதே. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் திரட்டிய புத்தகங்களிலிருந்து வளர்ந்த நூலகம் அது. மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது. உன் பட்டியலின் நகலை இரண்டு இடத்துக்கும் அனுப்பு. சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. அவர்கள் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு வெளியிடு. பாரதியின் பாட்டுகளுக்கு இருந்த ஒலிப்பதிவு உரிமையை விலை கொடுத்து வாங்கி வைத்திருந்த ஏ.வி. மெய்யப்பன், ஓமந்தூரார் அரசு கேட்டதும் பணம் வாங்காமல் கொடுத்தார். ரிக்கார்டு வியாபாரத்தில் தலையெடுத்தவர் அவர். வியாபாரிக்கும் எது விற்கக்கூடாதது என்று தெரிந்திருந்தது.

1977இல் வாயேஜர் விண்கலங்களில் உலகத்து இசையைப் பொன்முலாம் பூசிய தட்டில் ஏற்றி அனுப்பினார்கள். அதில் கேசர்பாய் கேர்கரின் பாட்டும் உண்டு, பார்வையற்ற வில்லி ஜான்சன் 1927இல் பதிந்த புளூஸும் உண்டு. இரண்டுமே பழைய பதிவுகள். யாரோ அவற்றை இன்னது என்று அறிந்து காப்பாற்றி வைத்திருந்ததால்தான் கேட்டபோது எடுத்துக் கொடுக்க முடிந்தது.

விற்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். உனக்குக் குடும்பம் இருக்கிறது, செலவு இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டாக உள்ளதை விற்று அலமாரி வாங்கு. ஆனால் பட்டியலில் ஏறாத தட்டு வீட்டுப் படி தாண்டக் கூடாது. பதியாத தட்டும் தாண்டக் கூடாது. அப்படிச் செய்தால் விற்ற தட்டையும் நீ இழக்கமாட்டாய், வாங்குபவரும் உரிய விலையைத் தயங்காமல் கொடுப்பார். பெரியவருக்கு நீ கொடுத்த விலை குறைவு என்று பின்னால் தெரியவந்தால், மீதியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடு. அது உன் கடமை.

தபசுத் திருவிழாவுக்கு வரும்போது தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வராதே, பஸ்ஸில் உடையும். நோட்டை மட்டும் கொண்டுவா. கம்பெனி எண்களைச் சேர்ந்து உட்கார்ந்து சரிபார்ப்போம். அதற்குள் ஐம்பது தட்டாவது எழுதி முடித்திருக்க வேண்டும்.

அக்காளுக்கும் அத்தானுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா